முப்பது நாள் காட்டுப் பள்ளி பிறந்த கதை

1941ஆம் ஆண்டு. அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்துக்கொண்டிருந்தன. லிவர்பூலில் ‘புளூ ஃபனல் லைன்’ கப்பல்களை நடத்திவந்த நிறுவனத்தின் பங்காளி லாரன்ஸ் ஹோல்ட்டுக்குக் கப்பல்கள் போனதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. டார்பிடோ தாக்கியதும் உயிர்காப்புப் படகில் ஏறித் தப்பியவர்களில் இளைஞர்கள் முதலில் இறக்கிறார்கள், நரைத்த மாலுமிகள் கரை சேர்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. வலுவுள்ள உடம்பு சாய்ந்துபோக, தேய்ந்த உடம்பு தாங்குவது ஏன்?

ஹோல்ட் கண்ட விடை, இருவரும் தொழில் பழகிய விதத்தில் இருந்தது. மூத்தவர்கள் பாய்மரக் காலத்தில் கடலுக்கு வந்தவர்கள். காற்று திரும்பப்போவதைக் கன்னத்தில் உணர்பவர்கள். இளைஞர்கள் இயந்திரக் கப்பலில் வேலை கற்றவர்கள். முறையாகப் படித்துத் தேறியவர்கள்தான், ஆனால் கடலோடு நேருக்கு நேர் நின்று பழகாதவர்கள். திறந்த படகில் நாள்கணக்கில் மிதப்பவன் குடிநீரை அளந்து குடிக்க வேண்டும். படகுக்குள் ஏறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நனைந்த உடம்பின் சூட்டைக் காக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் மனம் தளர்ந்து கடலில் குதித்துவிடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றைவிட நாளை மேலாக இருக்கும் என்று நம்பக் காரணம் வேண்டும். அந்தக் காரணம், இதைவிடக் கடினமான ஒன்றை முன்பு கடந்து வந்த நினைவிலிருந்துதான் கிடைக்கும். அந்த நினைவை ஒரு இளைஞனுக்கு முன்கூட்டியே எப்படித் தருவது என்பதுதான் ஹோல்ட்டின் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் ஒரு அகதி. கர்ட் ஹான் 1886இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1920இல் ஜெர்மனியின் தெற்கே சாலெம் என்ற இடத்தில் பள்ளி தொடங்கினார். 1932இல் நாஜித் தொண்டர்கள் ஒரு தொழிலாளியை அவன் வீட்டிலேயே அடித்துக் கொன்றபோது, தண்டிக்கப்பட்ட கொலைகாரர்களுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி அனுப்பினார். ஹான் உடனே தன் பள்ளியின் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார்: சாலெமா, ஹிட்லரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் தலையிட்ட பிறகே வெளியே வர முடிந்தது. நாட்டை விட்டு வந்து 1934இல் ஸ்காட்லாந்தின் மோரே கடற்கரையில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். கடலும் மலையும் அங்கே பாடத்திட்டத்தில் இருந்தன. கணக்கில் மந்தமான பையன் புயலில் பாய் இறக்குவதில் கெட்டிக்காரனாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிப்பது பள்ளியின் கடமை என்று அவர் நம்பினார்.

போர் வந்ததும் ராணுவம் கார்டன்ஸ்டன் கட்டடங்களை எடுத்துக்கொண்டது. பள்ளி வேல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. அங்கேதான் ஹோல்ட்டின் பணமும் கவலையும் ஹானின் எண்ணத்தோடு சேர்ந்தன. 1941 அக்டோபரில், டவி ஆறு கடலில் கலக்கும் அபர்டோவி என்ற சிற்றூரில் புதிய பள்ளி ஒன்று திறந்தது. ‘அவுட்வர்ட் பவுண்ட்’ என்ற பெயர் ஹோல்ட் வைத்தது. துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல்.

ஒரு கோர்ஸ் 26 நாள். சிறு படகு ஓட்டுதல், வரைபடமும் திசைகாட்டியும் வைத்து நடத்தல், ஆபத்தில் இருப்பவரை மீட்டல், பாய்க்கப்பலில் கடற்பயணம், கடைசியில் காடர் இட்ரிஸ் மலைப் பக்கமாக நீண்ட நடைப்பயணம். இடையிடையே ஊராருக்கு உதவி. மாணவர்களில் கப்பல் நிறுவனத்தின் பயிற்சி மாலுமிகள் இருந்தார்கள், கார்டன்ஸ்டன் பையன்கள் இருந்தார்கள், போலீசுக்கும் தீயணைப்புப் படைக்கும் போகவிருந்தவர்கள் இருந்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி மகனும் ஒரே துடுப்பைப் பிடித்தது அன்றைய பிரிட்டனில் சாதாரணக் காட்சி இல்லை.

நாலு வாரம் என்ற இந்த அளவை நான் முக்கியமாக நினைக்கிறேன். முதலாளி வேலையாளை அனுப்பிவைக்கவும் பள்ளி மாணவனை விட்டுக்கொடுக்கவும் கூடிய அளவு அது. அதே நேரத்தில், முதல் வாரத்தின் புண்ணும் கொப்புளமும் ஆறி, இரண்டாம் வாரத்தின் சண்டையும் சலிப்பும் அடங்கி, மூன்றாம் வாரத்தில் உடம்பு தானாக வேலை செய்யத் தொடங்குவதற்கும் அது போதும். வார இறுதி முகாமில் மனிதன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டே ஊர் திரும்பிவிடலாம். நாலு வாரத்துக்கு அந்த நடிப்பு தாங்காது. பிற்காலத்தில் உலகம் முழுவதும் வந்த வனப் பயிற்சிகள் பல, காரணம் தெரிந்தோ தெரியாமலோ, இந்த அளவைச் சுற்றியே அமைந்தன.

போர் முடிந்தும் பள்ளி மூடப்படவில்லை. 1950இல் எஸ்க்டேலில் மலைப் பள்ளி வந்தது. 1954இல் மலாயாவின் பேராக் கடற்கரையில் லூமுட் என்ற இடத்தில் ஒரு கிளை அமைந்தது. கார்டன்ஸ்டனில் சில காலம் பாடம் நடத்திய ஜோஷ் மைனர் என்ற அமெரிக்கர் இதைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோவதில் முனைந்து நின்றார். 1962இல் கொலராடோ மாநிலத்தின் மார்பிள் என்ற மலையூரில் அமெரிக்காவின் முதல் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கியது.

அங்கே ஒரு ஓட்டை தெரிய வந்தது. பள்ளிகள் பெருகின, மாணவர்கள் வந்தார்கள், அவர்களை மலைக்கு அழைத்துப்போகத் தகுந்த ஆள்கள் கிடைக்கவில்லை. பாறை ஏறத் தெரிந்தவனுக்குப் பத்துப் பேருக்குச் சமைக்கத் திட்டமிடத் தெரியாது. கயிறு போடத் தெரிந்தவனுக்குக் களைத்தவன் முகம் பார்த்து நிறுத்தத் தெரியாது. தனியாக உயரம் போனவனுக்குப் பதினேழு வயதுப் பையனிடம் அதை எப்படி விளக்குவது என்று தெரியாது. 1963இல் அந்தக் கொலராடோ பள்ளிக்குத் தலைமைப் பயிற்றுநராக வந்த பால் பெட்ஸோல்ட் இந்த ஓட்டையைப் பார்த்தார். அவருக்கு அப்போது 55 வயது.

பெட்ஸோல்டின் கதைக்காக நாற்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். 1908இல் அயோவாவில் பிறந்து ஐடஹோ மாநிலத்தின் பண்ணையில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1924 கோடையில், 16 வயதில், ரால்ஃப் ஹெரன் என்ற நண்பனோடு வயோமிங்கின் கிராண்ட் டீட்டன் சிகரத்தில் ஏறப் போனார். 13,770 அடி உயரம். காலில் கௌபாய் பூட்ஸ், உடம்பில் பருத்தி உடை. மலைக்குரிய கருவி எதுவும் இல்லை. உறைபனியில் படி வெட்டப் பேனாக்கத்திதான். நடுவழியில் புயல் பிடித்துக்கொண்டது. நனைந்த துணியோடு பாறையில் ஓர் இரவைக் கழித்து, உயிர் பிழைத்து இறங்கினார்கள். பிறகு வேறு வழியாக மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார்கள்.

ஊரில் அவர்களைக் கொண்டாடினார்கள். பெட்ஸோல்டுக்கு அந்த இரவு வேறுவிதமாக மனதில் தங்கியது. தாங்கள் பிழைத்தது திறமையால் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பருத்தித் துணி நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடமும் இருக்கவில்லை. அந்த ஆண்டே மற்றவர்களை அதே சிகரத்துக்கு அழைத்துப்போகும் வழிகாட்டியானார். பிறகு கிளென் எக்ஸம் என்பவரோடு சேர்ந்து டீட்டன் மலையில் ஏற்றப் பள்ளி நடத்தினார். கயிற்றின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் காற்றிரைச்சலில் ஒருவர் சொல்வதை மற்றவர் தவறாகக் கேட்டு விழுந்துபோகாமல் இருக்க, குரல் குறிகளை முறைப்படுத்தினார். சொல் தெளிவாகக் கேட்காவிட்டாலும் அசைகளின் எண்ணிக்கையை வைத்தே, ஏறலாமா, கயிறு பிடித்தாயிற்றா என்று புரிந்துகொள்ளும்படி அமைந்தவை அவை.

1938இல் கே2 மலைக்குச் சென்ற முதல் அமெரிக்கக் குழுவில் பெட்ஸோல்ட் இருந்தார். அப்போது நடந்த ஒன்று இந்தக் கதைக்கு மிகவும் பொருந்தும். அவரும் அதே குழுவின் சார்லஸ் ஹூஸ்டனும் கடைசி முகாமுக்கு ஏறி, கூடாரம் அடித்து, பனியை உருக்க ஸ்டவ்வை எடுத்தபோது தீப்பெட்டி கொண்டுவராதது தெரிந்தது. அந்த உயரத்தில் நெருப்பு இல்லையென்றால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் மறுநாள் கால் நகராது. சட்டைப் பைகளைத் துழாவியதில் சில குச்சிகள் அகப்பட்டன. அவற்றிலும் எல்லாம் பற்றவில்லை. அவற்றைக் கணக்கிட்டு இரவுக்கும் காலைக்கும் உரசினார்கள். அடுத்த நாள் சுமார் 26,000 அடிவரை போய், கெட்டிக்காரத்தனமாகத் திரும்பினார்கள். மாதக்கணக்கில் திட்டமிட்டு, கண்டம் விட்டுக் கண்டம் வந்தவர்களுக்கு, உலகின் இரண்டாவது உயர்ந்த மலையில் அந்தக் கடைசி முகாமின் எல்லையை நிர்ணயித்தது தீக்குச்சி.

இரண்டாம் உலகப்போரில் கொலராடோவில் பயிற்சி பெற்ற மலைப்படை வீரர்களுக்கு, காயம்பட்டவரை மலையிலிருந்து இறக்கும் முறைகளைக் கற்பித்தார். இவ்வளவு அனுபவத்தோடுதான் 1963இல் அவுட்வர்ட் பவுண்டுக்கு வந்தார். ஹானுக்கு மலையும் கடலும் கருவிகள்; நோக்கம், பையனின் குணம். பெட்ஸோல்ட் அதை மறுக்கவில்லை. ஆனால் குணத்தை வளர்க்கப் போகுமிடத்தில் கம்பளி எது, கயிறு எது என்று முதலில் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அரைகுறைத் தலைவனின் பின்னால் போகும் குழுவுக்கு எந்தக் குணமும் கைகொடுக்காது. பயிற்றுநர்களையே உருவாக்கும் பள்ளி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்.

காலமும் அதற்கு ஏற்றதாக வந்தது. 1964 செப்டம்பர் 3 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வனாந்தரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏறக்குறைய 91 லட்சம் ஏக்கர் நிலம், சாலையும் கட்டடமும் இல்லாமல் அப்படியே விடப்படும் என்று சட்டம் உறுதி சொன்னது. சாலை தடுக்கப்பட்டது, மனிதர் நடந்து வருவது தடுக்கப்படவில்லை. போருக்குப் பிந்திய வசதியும் விடுமுறையும் சேர்ந்து மக்கள் கூட்டம் கூட்டமாக மலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஏரிக்கரைதோறும் கருகிய கல்லடுப்புகள், கூடாரத்தைச் சுற்றி வெட்டிய வாய்க்கால், படுக்கைக்காக ஒடித்த பைன் கிளைகள், காலி டப்பாக்கள். சட்டம் காப்பாற்றிய நிலத்தை அதை நேசித்து வருகிறவர்களே கெடுத்துவிடுவார்கள், வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் நிலம் தப்பும் என்பது பெட்ஸோல்டின் வாதம். மனிதன் உயிரோடு திரும்பவும் காடு காடாகவே இருக்கவும் ஒரே பாடம் போதும் என்று அவர் கண்டதை இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பேன். ஹோல்ட்டின் கவலை படகில் இருந்தவர்களைப் பற்றியது மட்டும். இங்கே கடலின் பக்கமும் சேர்ந்துகொண்டது.

1965இல், வயோமிங் மாநிலத்தின் லேண்டர் என்ற சிற்றூரில், உள்ளூர்க்காரர்கள் சிலரின் துணையோடு தேசிய வெளிப்புறத் தலைமைப் பள்ளி பதிவானது. ஆங்கில முதலெழுத்துகளால் ‘நோல்ஸ்’ என்று உலகம் அறியும் பள்ளி. அவுட்வர்ட் பவுண்டில் பெட்ஸோல்டோடு இருந்த டாப் டாப்லியும் உடன் வந்தார். தொடக்க இடம், ஊருக்கு வெளியே உள்ள சிங்க்ஸ் பள்ளத்தாக்கு. அங்கே பொபோஷியா ஆறு பாய்ந்து வந்து ஒரு சுண்ணாம்புக்கல் குகைக்குள் மறைந்துவிடும்; கால் மைல் கீழே வேறொரு குளத்தில் மேலெழும். தண்ணீரில் சாயம் கலந்து பார்த்தவர்கள், அந்தக் கால் மைலைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆவதைக் கண்டார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே விண்ட் ரிவர் மலைத்தொடர்: பனியாறுகள், நூற்றுக்கணக்கான ஏரிகள், குறுக்கே சாலை இல்லாத நீண்ட உயர்நிலம். முதல் கோடையில் வந்தவர்கள் ஆண்கள் மட்டும். அடுத்த ஆண்டே, 1966இல், பெண்களும் சேர்ந்தார்கள்.

(அதே 1965 நவம்பரில்தான் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் தொடங்கியது, டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனம் 1954லேயே, டென்சிங் நார்கேயின் களப்பயிற்சித் தலைமையில் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து மலையேறக் கற்கப் போகிறவர்களுக்குப் பரிச்சயமான பெயர்கள் இவை. அங்கும் அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நாலு வாரம்தான்.)

லேண்டர் கோர்ஸ் முப்பது நாள். முதல் வேலை மூட்டை கட்டுவது. புதிதாக வாங்கிய பளபளப்பான சாமான் அங்கே செல்லாது. பழைய ராணுவக் கிடங்கிலும் பழந்துணிக் கடையிலும் எடுத்த கம்பளிச் சட்டைகளும் கால்சட்டைகளும்தான் மாணவர்களின் உடை. சாப்பாட்டிலும் இதே நடைமுறை. வேளைக்கொரு பொட்டலம் என்று கொடுக்கவில்லை. மாவு, ஓட்ஸ், பாலாடைக்கட்டி, சர்க்கரை, உலர்பழம் எல்லாம் மொத்தமாகப் பைகளில். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு பவுண்டு. அதிலிருந்து என்ன சமைப்பது, எதை மீத்துவைப்பது என்பது சமையல் குழுவின் பொறுப்பு. மூன்றாம் நாளே பாலாடைக்கட்டியைத் தீர்த்துவிட்ட குழு, அடுத்த மூட்டை குதிரையில் வந்துசேரும் வரை வெறும் மாவோடு மல்லுக்கட்டும். அந்தப் பட்டினியைவிடத் தெளிவாகத் திட்டமிடலைச் சொல்லித்தரும் வகுப்பு எதுவும் எனக்குத் தெரியாது. மாணவர்கள் நெருப்புக்கங்கில் ரொட்டி சுட்டார்கள், கருக்கினார்கள், மறுநாள் கருகாமல் சுட்டார்கள்.

நடையையும் பெட்ஸோல்ட் கணக்குக்குக் கொண்டுவந்தார். சமதளத்தில் இரண்டு மைலுக்கு ஒரு மணி நேரம். ஏற்றத்தில் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம் கூட்ட வேண்டும். ஆறு மைல் பாதையில் இரண்டாயிரம் அடி ஏற்றம் என்றால் ஐந்து மணி நேரம். பார்க்க எளிய கணக்கு. ஆனால் வரைபடத்தின் சம உயரக் கோடுகளைக் காலையிலேயே எண்ணி இந்தக் கணக்கைப் போட்டவன், இருட்டில் மலைச்சரிவில் மாட்டமாட்டான். போடாதவன் மாலை நான்கு மணிக்கு அவசரப்படுவான். கால் இடறுவது அந்த அவசரத்தில்தான். மூச்சையும் எட்டையும் ஒரே தாளத்தில் வைத்து, வியர்க்காத வேகத்தில் ஏறச் சொன்னார். வியர்த்தால் உடை நனையும், நின்றதும் குளிரும்.

வகுப்பறை இல்லாததால் பாடம் நடக்கும் முறையும் மாறியது. ஆற்றைக் கடக்க வேண்டி வந்தபோது ஆறு கடக்கும் பாடம். மேகம் திரண்டபோது மின்னல் பாடம். ஒருவன் குதிகாலில் தோல் சிவந்தபோது கொப்புளப் பாடம். தேவை எழுந்த இடத்தில், எழுந்த நிமிடத்தில், பத்து நிமிடம். வெட்டுக்கிளியைப் போலத் தாவித் தாவிப் போவதால் அதற்கு அந்தப் பூச்சியின் பெயரையே வைத்தார். பாடப்புத்தக வரிசையில் ஆறாம் அத்தியாயமாக வர வேண்டியது முதல் நாளே வந்துவிடும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

குழுவாக வாழ்வதும் அங்கே ஒரு பாடம். கே2 போன்ற பயணங்களில் மாதக்கணக்கில் ஒரே கூடாரத்தில் கிடந்தவருக்கு, குழுக்களை உடைப்பது பெரும்பாலும் புயல் இல்லை என்று தெரிந்திருந்தது. ஒருவன் பாத்திரம் கழுவ மறுப்பான், ஒருவன் பங்கைவிட ஒரு கரண்டி அதிகம் எடுப்பான், ஒருவன் முன்னால் போய்விட்டுப் பின்னால் வருபவனுக்காக நிற்கமாட்டான். மனக்கசப்பு அங்கிருந்து தொடங்கும். கசப்பில் இருக்கும் குழு ஆபத்தில் தவறான முடிவெடுக்கும். பயணத்தில் நடந்துகொள்ளும் முறையைக் கயிறு முடிச்சுக்குச் சமமான திறனாக வைத்து முறையாகக் கற்பித்தவர்களில் இவர் முன்னோடி.

கோர்ஸின் கடைசி நாள்களில் பயிற்றுநர்கள் விலகிக்கொள்வார்கள். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, வரைபடத்தை வைத்துத் தாங்களே சாலைக்கு வந்துசேர வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் அந்த நாள்களில் கையில் உணவும் இருக்காது. மீன் கிடைத்தால் மீன், பழம் கிடைத்தால் பழம், இல்லையென்றால் பட்டினி. 1969இல் பெட்ஸோல்ட் நடத்திய ஒரு கோர்ஸைப் படம்பிடித்து அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதன் பெயரிலேயே உயிர்பிழைத்தல் என்ற சொல் இருந்தது. பார்த்த இளைஞர்கள் லேண்டருக்குக் குவிந்தார்கள். பள்ளி தன் மண்ணுக்கு மிஞ்சி வளர்ந்தது. பிற்காலத்தில் பட்டினி நாள்களை நோல்ஸ் கைவிட்டது. பயிற்றுநர் இல்லாமல் நடக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது. அது சரியான முடிவு என்பது என் எண்ணம். பசியில் தள்ளாடுபவன் கற்றுக்கொள்வது குறைவு. யாரும் சொல்லாமல் தானே பாதையைத் தேர்ந்து, தேர்ந்ததற்குத் தானே பொறுப்பேற்கும்போது கற்றுக்கொள்வது அதிகம்.

பெட்ஸோல்டும் பள்ளியும் நிலைத்து ஒன்றாக இருக்கவில்லை. 1975இல் நிர்வாகக் குழுவோடு பிணக்கு முற்றி, தான் தொடங்கிய பள்ளியின் தலைமையிலிருந்து விலக்கப்பட்டார். இரண்டு ஆண்டில் கல்லூரிகளோடு சேர்ந்து வனக் கல்விக்கான சங்கம் ஒன்றைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். கடைசிக் காலத்தில் பகை ஆறியது. 1984இல், 76 வயதில், கிராண்ட் டீட்டன் உச்சியில் மறுபடி நின்றார். பத்து ஆண்டு கழித்து 86 வயதில் முயன்றபோது பாதிவழியிலேயே நின்று இறங்கிவிட்டார். 1999இல் காலமானார்.

இதே காலத்தில் யூட்டா மாநிலத்தில் இன்னொரு கிளை முளைத்தது. புஷ்கிராஃப்ட் என்று இன்று சொல்லும்போது மனதில் வரும் வில்லால் கடைந்து நெருப்பு எடுப்பது, கல்லைத் தட்டிக் கத்தி செய்வது, நார் திரித்துக் கயிறாக்குவது எல்லாம் இந்தக் கிளையில்தான் செழித்தன. லாரி டீன் ஓல்சன் சிறுவனாக இருந்தபோதே பழங்குடியினரின் கல் அம்புமுனைகளைத் தேடித் திரிந்து, அவை எப்படிச் செய்யப்பட்டன என்று தானே செய்து பார்த்தவர். 1967இல் வெளிப்புற உயிர்பிழைப்புத் திறன்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், படிப்பில் தோற்று வெளியேறும் நிலையில் இருந்த மாணவர்களைப் பாலைநிலத்தில் ஒரு மாதம் நடக்கவைத்தார். ஒரு போர்வை, ஒரு கத்தி, இன்னும் சில சாமான். திரும்பி வந்தவர்களில் பலர் படிப்பில் தேறினார்கள். அந்தப் பயிற்சியின் வழியில் வந்ததே இன்றும் யூட்டாவில் நடக்கும் போல்டர் வெளிப்புற உயிர்பிழைப்புப் பள்ளி.

அந்த வெற்றிக்கு ஒரு நிழலும் உண்டு. சிக்கலில் இருக்கும் பிள்ளைகளைப் பாலைவனம் திருத்தும் என்ற நம்பிக்கை தொழிலாக மாறியபோது, பெற்றோரிடம் பெரும் பணம் வாங்கி, பிள்ளையின் விருப்பமில்லாமலே நடக்கவைக்கும் நிறுவனங்கள் முளைத்தன. 1990இல் யூட்டா, அரிசோனா பகுதிகளில் இப்படி நடத்திய பயணங்களில் பதின்வயதுச் சிறுமிகள் இறந்தார்கள். தாகத்தையும் வெயில் மயக்கத்தையும் நடிப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஒருவன் வழிநடத்தினால் பாலைவனம் யாரையும் திருத்தாது. பெட்ஸோல்ட் 1963இல் கண்ட அதே ஓட்டை, இந்த முறை உயிர் வாங்கியது.

ஒரு கடனையும் சொல்லியாக வேண்டும். விண்ட் ரிவர் மலையை ஆளில்லாத நிலம் என்று எண்ணித்தான் மாணவர்கள் போனார்கள். அந்த மலையின் கிழக்கு அடிவாரத்திலேயே கிழக்கு ஷொஷோனி, வடக்கு அரபஹோ மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் இருக்கிறது. ஷொஷோனிகளில் மலையாடு வேட்டையாடி வாழ்ந்த பிரிவினர் சூடேற்றி இளக்கிய ஆட்டுக்கொம்பால் வில் செய்தவர்கள். மாக்கல்லைக் குடைந்து சமையல் பானை செய்தவர்கள். மர எல்லையை ஒட்டிய உயரத்தில், பத்தாயிரம் அடிக்கு மேலே, அவர்களுடைய குடியிருப்புத் தளங்களை இந்த நூற்றாண்டில்தான் தொல்லியலாளர்கள் கண்டறிந்தார்கள். பெட்ஸோல்டின் மாணவர்கள் முப்பது நாள் தாக்குப்பிடிக்கக் கற்ற உயரத்தில் குழந்தை குட்டிகளோடு கோடையைக் கழித்த குடும்பங்கள் இருந்திருக்கின்றன. அவர்களுக்கு அது பயிற்சி இல்லை, வீடு. ஓல்சனின் கடைகோலும் கல்கத்தியும் இப்படிப்பட்ட மக்களின் கையிலிருந்து வந்தவை. வனப் பள்ளிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1941இலோ 1965இலோ தொடங்கும்போது, நான் இங்கே செய்ததைப்போல, பள்ளியின் வயதைத்தான் சொல்கிறார்கள். பாடத்தின் வயது வேறு.

எழுபதுகளில் நோல்ஸ் தன் பழக்கங்களையே திருத்திக்கொள்ள வேண்டி வந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே மலையில் நெருப்பு மூட்டினால், மரம் மெதுவாக வளரும் அந்த உயரத்தில் விறகு தீரும், மண் வேகும். சமையல் ஸ்டவ்வுக்கு மாறியது. எங்கே கூடாரம் போடுவது, பாதையில் எப்படி வரிசையாக நடப்பது என்று ஒவ்வொன்றையும் ஆய்ந்து விதிகளாக்கினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்க வனத்துறையோடு சேர்ந்து அவற்றைத் தேசியப் பாடத்திட்டமாக வளர்த்தார்கள். தடம் விடாமல் திரும்பும் அந்த முறைக்கென்றே 1994இல் தனி அமைப்பு உருவானது. இன்று எந்த வனப் பயிற்சியிலும் முதல் நாளே வரும் பாடங்களில் ஒன்று மலம் கழிப்பது பற்றியது: தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழக் குழி, மேலே அதே மண். சிரித்துக்கொண்டே கேட்கும் மாணவர்கள், கீழே ஓடையில் தாங்கள் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் காட்டியதும் அமைதியாகிவிடுவார்கள்.

நெருப்பை முற்றிலும் விட்டுவிடவும் இல்லை. கற்க விரும்புகிறவர்களுக்கு அதன் புது வடிவத்தைக் காட்டுகிறார்கள். வேரும் மக்கும் கலக்காத வெறும் கனிம மண்ணை, வேரோடு மரம் சாய்ந்த குழி போன்ற இடத்திலிருந்து ஒரு சாக்குப்பையில் எடுத்து வர வேண்டும். தரையில் ஒரு துணி விரித்து, அதன்மேல் அந்த மண்ணை நாலைந்து அங்குலக் கனத்துக்கு மேடாகக் குவிக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமனுக்கு மிஞ்சாத, தானாக விழுந்து காய்ந்த சுள்ளிகளை மட்டும் அந்த மேட்டின்மேல் எரிக்க வேண்டும். பெரிய கட்டைகளைத் தொடுவதில்லை. அவை பூச்சிக்கும் பறவைக்கும் உரியவை, சாம்பலாக நேரமும் ஆகும். எல்லாம் வெண்சாம்பலானதும் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுக் குளிர்ந்ததை உறுதி செய்து, சாம்பலைப் பரவலாகத் தூவிவிட்டு, மண்ணை எடுத்த குழியிலேயே திரும்பக் கொட்ட வேண்டும்.